வாய்ப்புற்று: பயாப்சி உறுதியான பிறகு உயிர் எதில் நிற்கிறது?

பல்நாற்காலி (தண்டையார்பேட்டை)

பயாப்சி (புண்ணில் சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) முடிவு வந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி "பொழைச்சுக்குவாரா?" என்பதுதான். நாம் "எந்த ஸ்டேஜ் என்று பார்த்துச் சொல்கிறோம்" என்கிறோம். அது பாதிப் பதில். ஒரே ஸ்டேஜ், ஒரே இடத்துப் புண், ஒரே வயது உள்ள இருவரில் ஒருவர் ஐந்து வருஷம் தாண்டி நிற்கிறார், இன்னொருவருக்கு ஒரு வருஷத்துக்குள் கழுத்தில் திரும்ப வந்துவிடுகிறது. அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது, அதில் எதை நம்மால் மாற்ற முடியும் என்று பேசத்தான் இந்த இழை. எண்ணிக்கையோடும் காரணத்தோடும் எழுதுங்கள்.

என் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பகுதியில் மாவா, ஹான்ஸ், கூல் லிப் எல்லாம் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் அடக்கப்படுகின்றன. புண்ணும் அங்கேயே வருகிறது. பாக்கைப் புற்று உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்று ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. புகையிலை இல்லாத வெறும் பாக்குக்கும் அது பொருந்தும். இருந்தும் "நான் போயிலை போடல, சும்மா பாக்குதான்" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் ஏராளம். நாட்டில் வாய்ப்புற்றோடு வருபவர்களில் 60-70 சதவீதம் பேர் மூன்றாம் அல்லது நான்காம் ஸ்டேஜில் வருகிறார்கள். அதற்குமுன் பல மாதம் அவர்கள் ஏதோ ஒரு கடையில் வாய்ப்புண் ஜெல் வாங்கித் தடவியிருப்பார்கள்.

பல் மருத்துவர் செய்யக்கூடியது: கூரான பல் உரசிப் புண் வந்திருந்தால் அந்த முனையைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். ஆறவில்லையென்றால் அன்றே பயாப்சிக்கு அனுப்புங்கள், மூன்றாவது ஜெல் எழுதாதீர்கள். கையுறை போட்டு விரலால் அழுத்திப் பாருங்கள், புண்ணின் ஓரமும் அடியும் கட்டியாக இருந்தால் இரண்டு வாரமும் வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு பல் மட்டும் ஆடுவது, பல் பிடுங்கிய குழி ஆறாமல் சதை வளர்வது, கீழ் உதடு மரத்துப்போவது, காரம் தாங்காமல் வாய் திறப்பு குறைந்துகொண்டே வருவது, எல்லாமே சந்தேகத்துக்குரியவை. புண்ணுக்குப் பக்கத்தில் ஆடும் பல்லைப் பிடுங்கவே கூடாது. அந்தக் குழி வழியாகக் கட்டி நேரே தாடை எலும்புக்குள் இறங்கும்.

தலைகழுத்து அறுவை

நல்ல கேள்வி டாக்டர். ஒரே ஒரு காரணியைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் கழுத்து நெறியைச் (நிணநீர்க் கணு வீக்கத்தை) சொல்வேன். கழுத்தில் ஒரு நிணநீர்க் கணுவிலாவது புற்று ஏறிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிறது. அந்தக் கணுவின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் இன்னும் கீழே.

அடுத்தது ஆழம். புண் எவ்வளவு அகலம் என்று மட்டும் பார்த்த காலம் போய்விட்டது. புற்றின் ஸ்டேஜைப் பிரிக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழு வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பு 2018-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஆழமும் கணக்கில் சேர்கிறது. 2 செ.மீ.க்குள் இருந்து ஆழம் 5 மி.மீ.க்குள் இருந்தால் டி1 (டி என்பது கட்டியின் படிநிலை). அதே 2 செ.மீ. புண் 5 மி.மீ.யைத் தாண்டினால் டி2. 2 முதல் 4 செ.மீ. வரை உள்ள புண் 10 மி.மீ.யைத் தாண்டினால் டி3. நாக்கின் ஓரத்தில் பட்டாணி அளவு தெரிவது அடியில் தசைக்குள் வேர்விட்டிருக்கலாம். நாக்குத் தசை ஓயாமல் அசைவது, நிணநீர் ஓட்டமும் அங்கே அதிகம். அதனால் சின்ன நாக்குப் புண்ணே கழுத்துக்குப் போகிறது.

"கழுத்துல கட்டி இல்லையே, அங்க ஏன் வெட்டணும்?" என்று கேட்பார்கள். கையில் படாத, ஸ்கேனில் தெரியாத கணுக்களில் 20-30 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே புற்று இருக்கும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை இதை நேராகச் சோதித்து 2015-இல் வெளியிட்டது. ஆரம்ப நிலை வாய்ப்புற்றில், வாயை அறுக்கும்போதே கழுத்தையும் சுத்தம் செய்தவர்களில் மூன்று வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். கட்டி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம். மருந்துச் செலவு எதுவும் இல்லாமல் ஒரே மயக்கத்தில் கிடைக்கும் பலன் இது. நான் வேறு எந்த ஒரு முடிவுக்கும் இவ்வளவு பலனைப் பார்க்கவில்லை.

சுத்தம் செய்ததன் தரமும் எண்ணிக்கையில் தெரியும். ஒரு பக்கக் கழுத்தில் 18 கணுவுக்குக் குறைவாகக் கிடைத்தவர்களுக்கு முடிவு மோசம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஏழு கணு மட்டும் என்று அறிக்கை வந்தால், அறுவை குறைவா, ஆய்வகத்தில் தேடியது குறைவா என்று இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஸ்லைடு (நோய்க்குறியியல்)

> ஏழு கணு மட்டும் என்று அறிக்கை வந்தால்

சார் சொன்னது சரி, ஆனால் முழுக் கழுத்துச் சதையையும் ஒரே டப்பாவில் சுருட்டிப் போட்டு அனுப்பினால் எந்தக் கணு கழுத்தின் எந்த மட்டத்திலிருந்து (பகுதியிலிருந்து) வந்தது என்று எங்களால் சொல்ல முடியாது. மட்டம் ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனி டப்பா, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. வாய்ச் சதைக்கு முன்பக்கம் ஒரு தையல், மேல்பக்கம் இரண்டு தையல், எது எது என்று படிவத்தில் எழுத வேண்டும்.

ஓரம் பற்றி விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் குழப்பம் அதிகம். கட்டியின் விளிம்பிலிருந்து வெட்டிய விளிம்பு வரை நல்ல சதை 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ஓரம் தெளிவு. 1 முதல் 5 மி.மீ. வரை என்றால் நெருக்கம். 1 மி.மீ.க்குக் கீழே என்றால் புற்று ஓரத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறோம். வெட்டி எடுத்த உடனே சதை சுருங்கும், ஃபார்மலினில் கொஞ்சம் இன்னும் சுருங்கும். அறுவை அறையில் 1 செ.மீ. விட்டு வெட்டியது எங்கள் அளவுகோலில் 6, 7 மி.மீ.யாக நிற்கும். அங்கேயே 6 மி.மீ. விட்டிருந்தால் இங்கே நெருக்க ஓரம்தான் வரும். பக்கவாட்டு ஓரங்களை எல்லாரும் பார்க்கிறார்கள். நாக்கில் அடி ஓரமும் கன்னத்தில் தோல் பக்க ஓரமும்தான் அதிகம் தவறுகின்றன.

ஆழத்தை அளப்பதிலும் பிசகு நடக்கிறது. ஆழமும் தடிமனும் ஒன்றல்ல. பக்கத்தில் உள்ள நல்ல சவ்வின் அடிப்படலத்துக்கு நேராக ஒரு கிடைக்கோடு போட்டு, அதிலிருந்து கட்டி இறங்கிய கடைசிப் புள்ளி வரை தூக்குக்குண்டு போலச் செங்குத்தாக அளக்க வேண்டும். காலிஃபிளவர் மாதிரி வெளியே வளர்ந்த கட்டி 12 மி.மீ. தடிமன் இருந்தும் ஆழம் 4 மி.மீ.தான் இருக்கலாம். குழிந்த புண்ணில் நேர்மாறு.

நரம்பைச் சுற்றி ஓடியிருக்கிறதா, ரத்த நிணநீர்க் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா, கட்டியின் முன்முனை ஒரே திரளாக முன்னேறுகிறதா அல்லது சிதறிய துணுக்குகளாகப் போகிறதா, இந்த மூன்றும் அறிக்கையில் இல்லையென்றால் திருப்பிக் கேளுங்கள். "நன்கு வேறுபட்ட செதிள் செல் புற்று" என்ற ஒற்றை வரியைப் படித்து ஆறுதல் அடைய வேண்டாம். வேறுபாட்டுத் தரம், அதாவது புற்றுச் செல் இயல்பான செல்லை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது, இவற்றைவிட எடை குறைந்த தகவல்.

பல்நாற்காலி (தண்டையார்பேட்டை)

கிளினிக்கிலேயே பயாப்சி எடுத்து அனுப்புபவர்களுக்காகக் கேட்கிறேன், எங்கே தவறுகிறோம்?

ஸ்லைடு (நோய்க்குறியியல்)

நடுவில் வெந்து அழுகிய இடத்தில் எடுப்பதுதான் முதல் தவறு. "அழிந்த திசு மட்டும், மறுபடி எடுக்கவும்" என்று எழுதி அனுப்புவோம், அதற்குள் இரண்டு வாரம் போயிருக்கும். புண்ணின் ஓரத்தில், கட்டியாக இருக்கும் இடமும் கொஞ்சம் நல்ல சதையும் சேரும்படி, அடி வரை எடுங்கள். சின்னப் புண்தானே என்று முழுவதையும் வழித்து எடுத்துவிடாதீர்கள். பிறகு அறுவை செய்பவருக்கு எந்த இடம், எவ்வளவு அகலம் என்று தெரியாது.

டப்பாவில் 10 சதவீத ஃபார்மலின், சதையைப் போலப் பத்து மடங்கு. சலைனில் போட்டு அனுப்பினால் செல்கள் அழுகி வரும். ஃபார்மலின் இல்லையென்றால் எடுக்காதீர்கள், நோயாளியை நேரே அனுப்பிவிடுங்கள்.

கூடவே ஒன்று. "கத்தி பட்டா பரவிடும்" என்று பயந்து பயாப்சிக்கே வராமல் இருப்பவர்கள் உண்டு. ஓரத்தில் துளி எடுப்பதால் புற்று பரவுவதில்லை. எடுக்காமல் தள்ளும் ஒவ்வொரு மாதமும் அது ஆழத்தில் இறங்குகிறது. இதைப் பொறுமையாக, வீட்டாரையும் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

கதிர்மேசை

அறுவை, அறிக்கை இரண்டும் சரியாக நடந்தபிறகும் உயிர் கைநழுவிப்போவது நாள் கணக்கில். இதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

அறுவைக்குப்பின் கதிர்ச் சிகிச்சை தேவை என்றால் அது ஆறு வாரத்துக்குள், 42 நாளுக்குள் தொடங்க வேண்டும். அறுவை நாளிலிருந்து கதிரின் கடைசி நாள் வரை 100 நாளைத் தாண்டக் கூடாது. வழக்கமான அளவு 60 கிரே (கிரே என்பது கதிரின் அளவு), 30 தவணை, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். ஓரத்தில் புற்று இருந்தாலோ கணு உறை கிழிந்திருந்தாலோ அந்த இடத்துக்கு 66 கிரே, 33 தவணை. 42-ஐயும் 42-ஐயும் கூட்டினால் 84. கையில் மிச்சம் இருப்பது இரண்டு வாரத்துக்கும் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஏன் இந்த அவசரம்? கதிர் தொடங்கி சுமார் நான்கு வாரம் ஆனதும், தப்பிய புற்றுச் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். அந்த நேரத்தில் விடும் இடைவெளி அவற்றுக்குத்தான் உதவும். மொத்தச் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் அந்த இடத்துக் கட்டுப்பாட்டில் ஒரு சதவீதமோ அதற்குச் சற்று மேலோ இழப்பு என்று கணக்கு. ஒரு வாரம் நின்றால் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். பொங்கல், தீபாவளி, இயந்திரப் பழுது எதனால் விட்டாலும் ஈடுகட்ட வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு தவணை, அல்லது சனிக்கிழமை ஒரு தவணை. "விட்ட நாளைக் கடைசியில் சேர்த்துக்கலாம்" என்று நோயாளிகள் நினைக்கிறார்கள். கடைசியில் சேர்த்தால் தவணை எண்ணிக்கை நிறையும், நாள் நீண்டதன் இழப்பு திரும்பி வராது.

அறுவைக் குழுவுக்கு என் வேண்டுகோள். 42-ஆம் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முகமூடி வார்த்து, திட்டமிடும் சிடி எடுத்து, திட்டம் போட்டுச் சரிபார்க்க ஒரு வாரம் முதல் பத்து நாள். கெட்ட பல் பிடுங்கினால் குழி ஆற இரண்டு வாரம். 35-ஆம் நாள் தையல் ஆறியதென்று அனுப்பிவைத்தால் அப்போதே தவறிவிட்டது. 14-ஆம் நாள் அறிக்கை வரும்போதே எங்களிடம் அனுப்புங்கள். பல்லை அறுவை மயக்கத்திலேயே பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது. கதிருக்குப்பின் கீழ்த்தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு அழுகும் ஆபத்து, முக்கியமாக 60 கிரேக்கு மேல் போன இடத்தில்.

மருந்து அறை

கதிரோடு மருந்து யாருக்கு என்பதில் கோடு தெளிவாக இருக்கிறது. கணு உறை கிழிவு, ஓரத்தில் புற்று, இந்த இரண்டுக்கும் கதிரோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்தால் பலன் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் 2004-இல் வெளியாகி இதை நிலைநாட்டின. மற்றவர்களுக்குச் சேர்த்தால் வாய்ப்புண்ணும் எடையிழப்பும்தான் மிச்சம்.

உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 100 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒருமுறை மூன்று தடவை. டாடா 2018-இல் வாரம் 30 மி.கி.யோடு ஒப்பிட்டது: இரண்டு வருஷத்தில் கட்டுப்பாடு 73.1 சதவீதத்துக்கு எதிராக 58.5. 30 மி.கி. போதவில்லை. வாரம் 40 மி.கி., அறுவைக்குப்பின் கொடுத்தால், மூன்று வார முறைக்குச் சளைத்ததல்ல என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எதில் கொடுத்தாலும் மொத்தம் 200 மி.கி.யைத் தொடுவதே குறிக்கோள். சிறுநீரகமோ காதோ ஒத்துழைக்காதவர்களுக்கு வாரம் 15 மி.கி. டோசிடாக்சல். கதிர் மட்டும் கொடுத்தவர்களில் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 41.7 சதவீதம், இதைச் சேர்த்தவர்களில் 50.8.

ஒவ்வொரு சிஸ்பிளாட்டினுக்கு முன்னும் கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்த அளவு), பொட்டாசியம், மக்னீசியம் பாருங்கள். காதில் இரைச்சல் உண்டா என்று கேளுங்கள். வலிக்காக வெளியில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக்கை நிறுத்தச் சொல்லுங்கள். நம் கிரியாட்டினின் ஏற்றங்களில் அதன் பங்கு பெரிது.

தலைகழுத்து அறுவை

முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுக்கலாமா என்ற கேள்வியையும் தொட்டுவிடுங்கள் டாக்டர். பலர் அதற்காகவே அறுவையைத் தள்ளுகிறார்கள்.

மருந்து அறை

அறுக்க முடிகிற கட்டியில் முதலில் கீமோ கொடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று 2013-இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு சொன்னது. சுருங்குகிறது, வலி குறைகிறது, நோயாளிக்கு நம்பிக்கை வருகிறது, அதோடு அறுவைக்கு வராமலும் போய்விடுகிறார். அதுதான் எனக்குக் கவலை. எல்லைக்கோட்டில் உள்ள, முழுசாக எடுக்க முடியுமா என்று ஐயமுள்ள கட்டிகளுக்கு மட்டும் அதில் இடமுண்டு. எது எல்லைக்கோடு என்று சிடி பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும் சார்.

தலைகழுத்து அறுவை

கன்னப் பள்ளத்துக் கட்டி பின்னால் மெல்லும் தசை இடைவெளிக்குள் போயிருந்தால் புத்தகத்தில் டி4பி, அதாவது மிக முற்றிய நிலை. தாடை எலும்பின் மேல் உள்ள வளைவுக்குக் கீழேயே நின்றிருந்தால் எடுத்துவிடலாம், முடிவும் மோசமில்லை. வளைவுக்கு மேலே ஏறியிருந்தால் ஐயம். கபால அடியையோ உள் கழுத்துத் தமனியையோ சுற்றியிருந்தால் அறுவை இல்லை.

இதைப் பார்க்கச் சிடி சரியாக எடுக்க வேண்டும். கன்னத்தில் காற்றடைத்து உப்பவைத்து எடுத்தால்தான் கன்னமும் ஈறும் பிரிந்து எது எங்கே தொடங்கியது என்று தெரியும். கோரிக்கைச் சீட்டில் "கன்னம் உப்பி" என்று எழுதுங்கள். நாக்குக்கு எம்ஆர்ஐ. பயாப்சி எடுத்து வீங்கும்முன் படம் எடுக்க முடிந்தால் ஆழம் சரியாக வரும்.

உணவுத்தட்டு

எல்லாரும் கணுவையும் ஓரத்தையும் பேசுகிறீர்கள், எடையை யாரும் எழுதவில்லையே. ஆறு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர் அறுவையில் தொற்றும் தையல் பிரிவும் சந்திப்பார், கதிர் தள்ளிப்போகும், கதிரில் நான்காம் வாரம் தாங்காமல் நிற்பார். டாக்டர் கதிர்மேசை சொன்ன 42 நாளும் 100 நாளும் பெரும்பாலும் தட்டில்தான் தவறுகின்றன.

கணக்கு எளிது. ஒரு கிலோ எடைக்கு 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோ ஆள் என்றால் 1500 கலோரி, 60-75 கிராம் புரதம். நம் கடைகளில் கிடைப்பதை வைத்தே இது நிறையும்: பால் அரை லிட்டர், வேகவைத்த முட்டை மூன்று, சத்துமாவு 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம், கொழுப்பு நீக்கிய பால்பொடி 30 கிராம், எண்ணெய் 30 மி.லி. கூட்டினால் ஏறத்தாழ 1470 கலோரி, 66 கிராம் புரதம். மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, முட்டையும் பாலும் சேர்த்து மிக்சியில் அடித்து, மெல்லிய வடிகட்டியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். 200-250 மி.லி. வீதம் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை சேர்க்காமல் இதே அளவு.

காசிமேட்டுப் பக்கம் வீட்டில் மீன் உண்டு. முள் போக வேகவைத்து அரைத்தால் நல்ல புரதம். ஆனால் மூக்கு வழியாகப் போட்ட உணவுக் குழாயில் நார் அடைக்கும், கஞ்சியோடு வடிகட்டாமல் விடாதீர்கள். வெறும் இளநீர், ஜூஸ், வடிகஞ்சி மட்டும் கொடுத்து "நல்லா குடிக்கிறாரு" என்று வீட்டார் சொன்னால் தராசில் ஏற்றுங்கள். வாரம் ஒரு கிலோ இறங்கியிருக்கும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே முழு அளவும் ஊற்றாதீர்கள். பாதியில் தொடங்கி மூன்று, நான்கு நாளில் ஏற்றுங்கள், பொட்டாசியமும் பாஸ்பேட்டும் பாருங்கள்.

வார்டு சிஸ்டர்

குழாய் அடைப்பு பற்றி நான் சேர்க்கிறேன் மேடம். பாதி அடைப்பு மாத்திரைப் பொடியால். மாத்திரையை நன்றாகப் பொடித்து, 15 மி.லி. வெந்நீரில் கரைத்து, தனியாகவே விட வேண்டும், கஞ்சியில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 30-50 மி.லி. வெந்நீர். ஊற்றும்போது உட்கார்ந்திருக்க வேண்டும், முடித்து அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஊற்றுவதற்குமுன் மூக்கருகே குழாயில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா பாருங்கள். நகர்ந்திருந்தால் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிரை எடுக்கும்.

கதிர் நாட்களில் வாய் கொப்பளிக்க: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கடையில் விற்கும் எரிகிற மவுத்வாஷ் வேண்டாம், அதில் ஆல்கஹால் இருக்கும். வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் கொடுத்தால்தான் இரண்டு வாய் இறங்கும்.

புகையிலையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். அறுவை முடிந்த வாயிலேயே மறுபடி அடக்குபவர்கள் இருக்கிறார்கள். திட்டினால் ஒளிப்பார்கள். கதிர் நடக்கும்போது புகைப்பவர்களுக்குக் கதிரின் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாயில் புண் உள்ளவருக்கும் வாய் திறக்காதவருக்கும் நிகோட்டின் மெல்லும் கம் பயன்படாது, தோலில் ஒட்டும் பட்டை கேளுங்கள். 1800-11-2356 தேசிய இலவச எண், பேசியே நிறுத்த உதவுவார்கள்.

சமூகப்பணி

நோயாளி எந்த நாளில் காணாமல் போகிறார் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலாவது, பயாப்சி முடிவு வாங்கியபின், அறுவைத் தேதிக்கு முன். இரண்டாவது, அறுவை முடிந்து குழாய் எடுத்து வாயால் சாப்பிடத் தொடங்கியதும். "கட்டியைத்தான் எடுத்தாச்சே, கரண்ட் (கதிர்) எதுக்கு?" என்பார்கள். மூன்றாவது, கதிரின் மூன்றாம் நான்காம் வாரம், வாய் வெந்து பேச முடியாதபோது. இந்த மூன்று இடத்திலும் யாராவது போன் செய்தால் பெரும்பாலோர் திரும்பி வருவார்கள். போன் எண் இரண்டு வாங்குங்கள், ஒன்று பக்கத்து வீட்டாருடையது.

எண்ணூரிலிருந்தோ மணலியிலிருந்தோ சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ, ராயப்பேட்டைக்கோ, அடையாறுக்கோ முப்பது நாள் போய் வர வேண்டும். கூட வருபவருக்கும் கூலி போகும். இதைக் கேட்காமல் தேதி கொடுத்தால் பதினைந்தாவது நாள் நின்றுவிடுவார்கள். துறைமுகத்திலும் மீன்பிடியிலும் இருப்பவர்கள் "தடைக்காலம் வரட்டும், அப்ப ஆபரேஷன் வெச்சுக்கலாம்" என்பார்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் 61 நாள். ஜனவரியில் முடிவு வந்தவர் மூன்று மாதம் காத்தால் டி2 டி4 ஆகலாம் என்று அந்த வீட்டில் சம்பாதிப்பவரிடமும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமான வரம்பு 1,20,000. பயாப்சி எடுக்கும் அன்றே அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முடிவு வரும் வாரத்திலேயே வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் தயாராகிவிடும். முடிவு வந்தபின் கேட்டால் அந்த வாரம் வீண். அட்டையில் பெயர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள், ஒப்புதல் நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

பல்நாற்காலி (தண்டையார்பேட்டை)

வயது குறைந்தவர்களுக்கு வந்தால் வேகமாகப் பரவும் என்கிறார்கள். ஹீமோகுளோபின் குறைவு, எச்பிவி வைரஸ், இவை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கதிர்மேசை

வயது: ஒரே ஸ்டேஜில் ஒப்பிட்டால் இளையவர்களின் ஆயுள் பெரிதாக வேறுபடவில்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள். முதியவர்களில் வயதைவிடக் கூட இருக்கும் நோய்களும், அதற்காக நாமே குறைத்துவிடும் சிகிச்சையும்தான் காரணம். 72 வயது என்பதற்காகக் கழுத்து அறுவையைத் தவிர்க்காதீர்கள், நடந்து மாடி ஏறுகிறாரா என்று பாருங்கள்.

ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு முடிவு மோசம். ஆனால் ரத்தம் ஏற்றினால் ஆயுள் கூடுகிறது என்று நிரூபணமாகவில்லை. இரும்பும் உணவும் முதல் நாளிலிருந்தே கொடுங்கள். எச்பிவி தொண்டைப் புற்றில் முக்கியம், கன்னம் நாக்கில் அதன் பங்கு சிறியது. அந்தப் பரிசோதனைக்குச் செலவு செய்ய வேண்டாம்.

மருந்து அறை

திரும்ப வந்தவர்களுக்கும் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடாதீர்கள். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், தினம் செலிகாக்சிப், வீட்டிலேயே விழுங்கும் இந்த மலிவான முறை, ஊசி சிஸ்பிளாட்டினைவிடச் சற்று மேலான ஆயுளைக் கொடுத்தது: இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) இதில் 7.5 மாதம், ஊசியில் 6.1. இது 2020-இல் வந்தது. அதோடு எர்லோட்டினிப் சேர்த்து மூன்று மருந்தாக்கி, மேலும் நோய் எதிர்ப்பைத் தூண்டும் ஊசியான நிவோலுமாப்பை மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மி.கி. மட்டும் சேர்த்தபோது ஒரு வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 16.3-லிருந்து 43.4 சதவீதமானார்கள். வழக்கமான நிவோலுமாப் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு அது. இரண்டுமே டாடாவில் நடந்தவை.

தலைகழுத்து அறுவை

மறுபடி வருபவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு வருஷத்திலேயே வருகிறது. அதனால் முதல் வருஷம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருஷம் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வருஷம் வரை தொடர்ச்சி. வாய் திறப்பு மி.மீ.யில் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். 32 இருந்தது 24 ஆனால் பயிற்சி விட்டதா, கட்டி திரும்பியதா என்று அன்றே பாருங்கள். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, வாரம் ஒரு குச்சி கூட்டிச் செய்யும் பயிற்சி போதும், தினம் ஐந்தாறு முறை. வாய் திறக்காதவரின் தொண்டைப் பக்கத்தை யாராலும் பார்க்க முடியாது. கழுத்துக்குக் கதிர் வாங்கியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை). வாய் முழுக்க ஒரே விஷத்தில் ஊறியது, மறுபக்கக் கன்னத்தில் புதிதாக இன்னொன்று வரலாம். அங்கேயும் விரல் வைத்துப் பாருங்கள்.

பல்நாற்காலி (தண்டையார்பேட்டை)

எல்லாருக்கும் நன்றி. பரிந்துரைக் கடிதத்தில் நாங்கள் என்னென்ன எழுதினால் உங்களுக்கு நாள் மிச்சமாகும்?

தலைகழுத்து அறுவை

புண் எந்த இடம், செ.மீ. அளவு, நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம். வாய் திறப்பு மி.மீ.யில். கழுத்தில் கையில் படும் நெறி, எந்தப் பக்கம். உதடு மரத்திருக்கிறதா. பயாப்சி எடுத்த தேதி. பயாப்சிக்குமுன் செல்போனில் எடுத்த ஒரு படம், பக்கத்தில் அளவுகோலோடு.

கதிர்மேசை

எந்தப் பல்லெல்லாம் காப்பாற்ற முடியாதவை என்று அந்தக் கடிதத்திலேயே எண் போட்டுக் கொடுங்கள் டாக்டர். சார் அறுவை மேசையிலேயே எடுத்துவிடுவார்.

சமூகப்பணி

கீழே இரண்டு போன் எண், காப்பீட்டு அட்டை உண்டா இல்லையா.

உணவுத்தட்டு

இன்றைய எடையும்.